வலது இறக்கையின் காற்றுத் துளை

அந்த விமானத்தை வீழ்த்தியவள் நான்தான். கேப்டன் ஆரோக்கியசாமி அல்ல.

விசாரணை அறிக்கை அவர் பெயரைத்தான் சொல்கிறது. அவரும் அந்தப் பழியைச் சுமந்துகொண்டு ஊன்றுகோலோடு நடக்கிறார். ஆறு வருடங்களாக நான் வாயைத் திறக்கவில்லை. இன்று உங்களிடம் திறக்கிறேன்... நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது என்பதால்தான் இந்தத் துணிச்சல்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான்! ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில், பேருந்து வந்தாலும் வரும் வராவிட்டாலும் வராது என்கிற ஊரில் பிறந்தவள் நான். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தேன். சென்னைக்குப் போய் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வாங்கினேன். எங்கள் நெல்லிவாசல்நாட்டில் ஆணிலும் பெண்ணிலும் அதை வாங்கிய முதல் ஆள் நான். நான் கையெழுத்துப் போடாமல் விமானம் தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்ப முடியாது. எத்தனை பெரிய விமானியானாலும் என் கையெழுத்துக்காகக் காத்து நிற்கத்தான் வேண்டும்.

மலைக்கு வரும் ஜீப்பில் ஏறி "பிளேன்காரம்மா வூடு" என்று சொல்லிப் பாருங்கள். கேள்வி கேட்காமல் கொண்டுவந்து விடுவார்கள். அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுகிறவர்தான் என் கணவர் வேலு.

நான் வேலை பார்ப்பது மலைக்குக் கீழே, சமவெளியில் இருக்கும் ஒரு சிறிய பயிற்சிப் பள்ளியில். அங்கே இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று இருந்தது. ஆறு பேர் உட்காரலாம். அதன் ஒவ்வொரு திருகும் எனக்குத் தெரியும். அதைச் செய்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று அன்று நம்பினேன். அங்கேதான் வினை தொடங்கியது.

ஒரு நாள் காலை அதன் வலது இறக்கைக்கு அடியில் ஒரு மண் குளவி பறந்துகொண்டிருந்தது. இறக்கைக்குள் எரிபொருள் தொட்டி இருக்கிறது. எரிபொருள் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். அதற்காக இறக்கையின் அடியில் ஒரு துளை உண்டு. கவிழ்த்து வைத்த தண்ணீர்க் கேனுக்குள் காற்று புகாவிட்டால் குழாயில் தண்ணீர் நின்றுவிடும் அல்லவா? அதே கதைதான். அந்தத் துளைக்கு மூடி போட மறந்திருந்தார்கள். குளவி அதற்குள் மண் உருண்டையை அடைத்துக் கூடு கட்டியிருந்தது.

சட்டைப் பையிலிருந்து சேஃப்டி வயரை எடுத்தேன். திருகுகள் கழன்றுவிடாமல் கட்டும் மெல்லிய கம்பி அது. துளையருகே கொண்டு போனேன். கை நின்றுவிட்டது.

நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்! எங்கள் பக்கம் குளவிக் கூட்டைக் கலைக்க மாட்டார்கள். குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பது நம்பிக்கை. கதவு நிலையில் கட்டினாலும், சாமி படத்துக்குப் பின்னால் கட்டினாலும், துடைப்பம் அந்தப் பக்கம் போகாது. எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். வேலூரில் பார்க்காத வைத்தியம் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு குளவி எட்டிப் பார்த்ததில்லை. அந்த மாதம் முதல்முறையாக எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. பதினாறு நாள்! வேலுவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்ற பயம்.

அது வீடா, விமானம்தானே என்று கேட்பீர்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் நான் எங்கே கிடந்தேனோ அதுதானே என் வீடு! என்னைத் தேடித்தான் அது அங்கே வந்திருக்கிறது என்று தோன்றியது. கம்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த விமானம் பத்து நாளைக்குப் பறக்காது என்று பலகையில் எழுதியிருந்ததால் எனக்கு அவசரமும் இல்லை.

மறுநாள் காலை திட்டம் மாறியது. வேறொரு ஊருக்கு அதைக் கொண்டு போகவேண்டுமாம். கேப்டன் ஆரோக்கியசாமி தனியாகவே ஓட்டிப் போவதாக ஏற்பாடு. அவர் மலையடிவாரத்து ஊர்க்காரர், சந்தவாசல் பக்கம். பள்ளியின் மூத்த பயிற்சியாளர். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"இன்னாம்மா, வண்டி ரெடியா?" என்றார்.

நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? அப்படியிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். இல்லை, எனக்கு ஞாபகம் இருந்தது. இறக்கைக்கு அடியில் போய்க் குனிந்து பார்த்தேன். கூட்டின் வாய் பூசப்பட்டிருந்தது. அந்தத் துளையிலிருந்து தொட்டிக்குப் போகும் காற்றுக் குழாயின் பின்பக்கம் இன்னொரு பொடித் துளை உண்டு. பெரிய துளை அடைத்துக்கொண்டால் உதவட்டும் என்று வைத்தது. கையேட்டை மனப்பாடமாக வைத்திருந்த எனக்கு அது தெரியாதா? அதன் வழியாகக் காற்று போகும், குறுகிய பயணம்தானே, திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்... இப்படிக் கணக்குப் போட்டது என் அறிவு. அந்தப் பொடித் துளைக்குள்ளும் மண் போயிருக்குமா என்று குத்திப் பார்க்கவில்லை.

"ரெடி சார். எடுத்துட்டுப் போங்க" என்றேன். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

நண்பகலுக்குச் சற்று முன்பு வேலுவிடமிருந்து போன்.

"நம்ம மலையில ஒரு பிளேன் வுழுந்துடுச்சு! ரெண்டு எஞ்சின் வண்டி. ஓட்டினவரு உசுரோட கீறாராம். உங்குளுதா பாரு!"

இரண்டு எஞ்சின் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஏர் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று படுத்துவிட்டால் மற்றது நேராகவா இழுக்கும்? விமானமும் அப்படித்தான். ஓடுகிற எஞ்சின் நின்றுபோன பக்கமாக மூக்கைத் திருப்பும். விமானி எதிர்ப்பக்கம் மிதித்துப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். மலை உயரமும் வெயிலும் சேர்ந்தால் ஒற்றை எஞ்சினால் மேலே ஏறவும் முடியாது. அவரைச் சுற்றி மலை. கிடைத்த ஒரே சமமான இடம், அறுத்து முடித்த சாமைக் கொல்லை ஒன்று. வயிற்றால் தேய்த்து இறக்கியிருக்கிறார். தீப்பிடிக்கவில்லை. வேறு யாராயிருந்தாலும் செத்திருப்பார்கள். என்ன விமானி அவர்!

எங்கள் ஊர் மக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கொல்லைக்காரர் தன் வேட்டியை அவிழ்த்துக் கொடுத்தார். இரண்டு மூங்கிலை வெட்டி டோலி கட்டினார்கள். பிள்ளைத்தாய்ச்சியையும் பாம்பு கடித்தவரையும் சாலைக்குத் தூக்கிப் போகும் அதே டோலி. பள்ளமும் பாறையுமான ஐந்து கிலோமீட்டரை ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துக் கடந்தார்கள். விமானத்திலிருந்து ஒரு ஆணியைக்கூட யாரும் தொடவில்லை. நாலு பேர் சுற்றி நின்று காவல் காத்தார்கள். எந்தப் பட்டணத்தில் இப்படி நடக்கும், சொல்லுங்கள்!

நான் ஏறிப் போகும்போது பாதி வழியில் டோலி எதிரே வந்தது. கேப்டனின் முகம் வெளுத்திருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் டோலியை நிறுத்தச் சொன்னார்.

"வலது எஞ்சின் நின்னுபோச்சும்மா... தொட்டியில பெட்ரோல் கீது. ஏன் நின்னுச்சுன்னே தெரியல. நீ போய்ப் பாரு. உன் கண்ணுக்குத் தப்பாது."

பார்க்கத்தான் போனேன். மாலை நாலு மணி இருக்கும். விசாரணைக்காரர்கள் மறுநாள்தான் வருவார்கள். காவலுக்கு நின்றவர்களில் என் சித்தப்பா முறைக்காரர் ஒருவர் இருந்தார். என்னைக் கண்டதும் மற்றவர்களை விலக்கினார்.

"வுடுங்கப்பா, நம்ம பொண்ணு. யாரும் தொடக் கூடாதுதான்... இவ தொட்டா தப்பில்ல."

அந்தச் சொல்லுக்காவது நான் நின்றிருக்க வேண்டாமா? நிற்கவில்லையே! வலது இறக்கை மண்ணில் சாய்ந்து கிடந்தது. படுத்துக்கொண்டு துளையைப் பார்த்தேன். கூடு அப்படியே இருந்தது. பொடித் துளையிலும் மண். கம்பியை விட்டு இரண்டையும் குடைந்தேன். மண் உதிர்ந்தது. குளவி தன் குஞ்சுக்காக உள்ளே வைத்திருந்த பச்சைப் புழுக்கள் இரண்டு விழுந்தன. எல்லாவற்றையும் கொல்லை மண்ணோடு தேய்த்துவிட்டு எழுந்தேன். நாலு பேரும் மரியாதையாகத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணையில் எஞ்சினில் பழுது இல்லை. எரிபொருளில் தண்ணீர் இல்லை. காற்றுத் துளை சுத்தம். ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது: வலது எஞ்சினுக்கு எரிபொருள் போகும் வால்வு மூடியிருந்தது. "நின்ன அப்புறம்தான் மூடினேன், அதுதானே விதி" என்றார் கேப்டன். அவருக்குச் சாட்சி யாருமில்லை. தவறுதலாக மூடியதால்தான் எஞ்சின் நின்றது என்று எழுதிவிட்டார்கள். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். புறப்படும்போது எல்லாம் சரியாக இருந்தது என்றேன். நெல்லிவாசல்நாட்டுப் பெண் தப்பு செய்தாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது... அப்போது என் மனத்தில் அது மட்டும்தான் இருந்தது. அவர் இருபத்தைந்து வருடம் பறந்த மனிதர் என்பது உறைக்கவில்லை. அவருடைய உரிமம் போனது. பறப்பது அன்றோடு முடிந்தது.

எனக்கு அந்தக் கரு நிலைத்தது. பெண் பிறந்தாள். தேன்மொழி என்று பெயர் வைத்தோம். ஐந்து வயதாகிறது. அவளைப் பார்க்கும்போது, கூட்டைக் கலைத்திருந்தால் இவள் இருந்திருப்பாளா என்று ஓர் எண்ணம் வருகிறது. நான் படித்தவள், அது மடத்தனம் என்று தெரியும். ஆனாலும் வருகிறதே!

இன்று நான் அங்கே தலைமைப் பொறியாளர். அதற்குப் பிறகு என் கையெழுத்தோடு போன எந்த விமானமும் வழியில் தடுமாறியதில்லை. ஒவ்வொரு துளையையும் மூன்று முறை குத்திப் பார்க்கிறேன். மலைப் பிள்ளைகள் இரண்டு பேர் என்னைப் பார்த்து இந்தப் படிப்பு படிக்கிறார்கள். இவையெல்லாம் பொய்யில்லை. இதற்கெல்லாம் நான் தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன்.

கேப்டன் வருடம் ஒருமுறை, சாமை அறுப்பு முடிந்ததும், எங்கள் ஊருக்கு வருவார். டோலி தூக்கியவர்களுக்கெல்லாம் இனிப்புப் பெட்டி. கடைசியில் எங்கள் வீடு. போன மாதமும் வந்தார். வேலு காபி போட உள்ளே போயிருந்தார். தேன்மொழி அவர் மடியில் ஏறி உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்மா" என்றார். "இத்தினி வருசமா எஞ்சின் நின்ன அப்புறம்தான் மூடினேன்னு சண்ட போட்டேன். இப்ப நெனச்சிப் பாத்தா... ஓடிக்கினு இருக்கும்போதே நான்தான் மூடிட்டேன் போலக்குது. கை அந்த வால்வத் திருப்பறது அப்படியே ஞாபகம் வருது."

"அப்படிலாம் இல்ல சார்" என்றேன்.

"இல்லம்மா, கேளு. ஆஸ்பத்திரியில கெடந்தப்போ உன்மேல சந்தேகப்பட்டேன். அந்தப் பொண்ணு எதையாவது பாக்காம வுட்டுட்டாளோன்னு. வாய்விட்டு யாருகிட்டயும் சொல்லல. ஆனா மனசுல நெனச்சேன். உன்னைப் போயி அப்படி நெனச்சேனே... என்னை மன்னிச்சிடும்மா."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வராது. அது அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரிந்தது. என் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வேலு காபி ஆற்றும் சத்தம்.

"பரவால்ல சார்" என்றேன். "அதெல்லாம் நான் மனசுல வெச்சிக்கல."

கேட்டீர்களா? நான்... அவரை... மன்னித்தேன்!