இரண்டாம் இடத்தில் நின்ற பாட்டுக்காரி

பிடில் இழுத்து இழுத்து அழுதுகொண்டே போகும்; ஜன்னலுக்கு நேரே மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் வந்தால் அறையே அதிர்ந்து சீடி துள்ளும், பாட்டுக்காரி பாடிய அடியையே திரும்பப் பாடுவாள். பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில், ஐந்தாம் மாடி ஒற்றை அறையில், என் எட்டாம் வயது முழுவதும் கேட்டது அந்த ஒரே ஆல்பம்தான். தொப்பி போட்ட அமெரிக்கக் "கன்ட்ரி" பாடகி ஒருத்தியின் புதுத் தொகுப்பு அது. அப்பா கோப்பை கழுவிய உணவகத்தின் முதலாளி, தனக்குப் பிடிக்கவில்லை என்று தூக்கிக் கொடுத்தது.

எங்கள் அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் கிடந்த காலம். கீழ்வீட்டு அண்ணை ஒருவர் மெத்ரோ வாசலில் "கொன்த்ரோல்" என்று விசா கேட்டுப் பொலிஸ் மறித்ததில் அகப்பட்டு, திரும்பி வராமலே போனார். அன்றிலிருந்து அம்மா படி இறங்கவில்லை. வேலைக்குப் போகாமல் முடியாது என்று அப்பா போனார், பள்ளிக்கூடத்துக்கு நான் போனேன், அம்மாவுக்கு அந்த அறையும் அந்தப் பாட்டுக்காரியும் மட்டும்தான். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாத அம்மா, "இவவும் எங்கையோ பூட்டின வீட்டுக்குள்ளை இருந்துதான் பாடுறா" என்பார்.

பள்ளிக்கூட வழியில் இருந்த இசைத்தட்டுக் கடை, அதிகம் விற்ற ஆல்பங்களின் வாராந்தப் பட்டியலைக் கண்ணாடிக் கதவில் ஒட்டும். ஒருநாள் அதில் எங்கள் தொப்பிக்காரி பதினெட்டாம் இடத்தில் இருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஓடிவந்து சொன்னேன்.

"இவ முதலாவதா வாற கிழமை எங்கடை விசாவும் வரும், இருந்து பாரன்" என்றார் அம்மா.

அடுத்த கிழமை அவள் முப்பத்தொன்று. அதற்கடுத்த கிழமை பட்டியலிலேயே இல்லை. கதவைத் திறக்கும்போதே "எத்தினையாம் பிள்ளை?" என்று கேட்பவரிடம் இதை எப்படிச் சொல்வது? பன்னிரண்டு என்றேன். பிறகு ஏழு, நாலு, இரண்டு. இரண்டில் வந்து நன்றாக மாட்டிக்கொண்டேன். ஒன்று என்றால் விசா வரவேண்டும், இறக்கினால் அம்மா அழுவார். பாண் வாங்கப் போகும் சாட்டில் பட்டியலைப் பார்த்துவருவதாகச் சொல்லிக் கோடை முழுவதும் அவளை இரண்டிலேயே நிறுத்தி வைத்தேன்.

ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயில் தேருக்கு முதல்நாள் அம்மா கேட்கக்கூட இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பொறுக்க முடியாமல், "ஒண்டு, அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

விடிய எழும்பினால் அம்மா சேலை கட்டி நிற்கிறார். "இனி என்ன பயம்? வா, தேர் பாப்பம்."

தெருமுனையில் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். உண்மையைச் சொல்லி அம்மாவை இழுத்துக்கொண்டு ஓட நினைத்து அவர் சேலைத் தலைப்பைப் பிடித்தேன். அம்மாவோ அவர்களைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வணக்கமாக "போன்ஜூர்" என்றார். அவர்களும் "போன்ஜூர் மதாம்" என்றுவிட்டுத் தேரைப் பார்த்தார்கள்.

விசா வர மேலும் இரண்டு வருடமானது. "கடிதம்தான் பிந்துது" என்று சொல்லிக்கொண்டு அம்மா தினமும் வெளியே போய் வந்தார். அவர் திரும்பும்வரை நான் ஜன்னலிலேயே நின்றேன்.

இன்று அந்தக் கடையில் கைபேசி திருத்துகிறார்கள். சீடியும் இல்லை, கதவில் பட்டியலும் இல்லை. ஆல்பம் பதினெட்டைத் தாண்டவேயில்லை என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது நாங்கள் குடியிருக்கும் புறநகர் பியர்ஃபித்திலிருந்து லா சப்பலுக்கு மரக்கறி வாங்க வந்தால், மெத்ரோ படிகளில் அவர் விறுவிறென்று இறங்கிப் போகிறார். பிரெஞ்சுக் கடவுச்சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் மேல்படியிலேயே நின்று, கீழே சீருடை ஏதும் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

"ஏன் பிள்ளை நிக்கிறாய்? வாவன்" என்கிறார் அம்மா.