மைனஸ் இரண்டு

பாலிடெக்னிக்கில் மற்ற பாடங்களை எல்லாம் எப்படியோ தேற்றிவிட்டேன். முதல் வருடக் கணக்கு மட்டும் அரியராகவே மூன்றாம் வருடம் வரை கூட வந்தது. மோட்டாருக்கு வைண்டிங் சுற்றத் தெரிந்த எனக்கு, எக்ஸின் மதிப்பு மட்டும் போடும்போதெல்லாம் வேறாக வந்து நிற்பது ஏன் என்று விளங்கவே இல்லை.

அந்த வருடம் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்று எங்கள் எலக்ட்ரிகல் பிரிவில் ஆள் எடுக்க வருவதாகச் சொன்னார்கள். அரியர் இருந்தால் இண்டர்வியூவுக்கே விடமாட்டார்களாம். எனக்கு அந்த வேலை வேண்டும். வெளியூர் போய்த் தங்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற மாதிரி வேறு வேலையும் கண்ணில் படவில்லை.

வம்பு பள்ளிக்கூடத்திலேயே தொடங்கியது. சமக்குறிக்கு அந்தப் பக்கம் போனால் குறி மாறும் என்று வகுப்பே சேர்ந்து கத்துவோம். நானும் அதை நம்பி, அந்தப் பக்கம் போகிற எல்லாவற்றுக்கும் குறியை மாற்றினேன். மைனஸ் மூன்று எக்ஸ் சமம் பன்னிரண்டு என்றால், எக்ஸ் நான்கு என்பேன். பாலிடெக்னிக் போகும் பஸ்ஸில், ராஜபாளையத்திலேயே ஏறி எனக்கும் இடம் பிடித்து வைக்கும் என் வகுப்புத் தோழி தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஏட்டி, மூணு பெருக்கிக்கிட்டுல்லா இருக்கு? அந்தப் பக்கம் போனா வகுக்கும். மைனஸ் மைனஸாத்தான் போகும்."

"அப்போ குறி மாறும்னு சொன்னது?"

"அது கூட்டல் கழித்தலுக்கு."

"ஆளுக்கொரு சட்டமா?"

காலேஜ் இருக்கும் கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். இறங்கும்போது மறுபடியும் குழம்பிவிடும். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அரியர் பரீட்சையில், இரண்டு சுற்றுகளில் ஓடும் மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு கணக்கு. அணிக்கோவை போட்டேன். முதல் சுற்றுக்கு ஐந்து வந்தது, இரண்டாவதற்கு மைனஸ் இரண்டு. திரும்பப் போட்டேன், அதே மைனஸ். நம் வழக்கமான கைங்கரியம்தான் என்று முடிவுகட்டி மைனஸை அடித்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள். "ரெண்டாவது கரெண்டு எம்புட்டு வந்துச்சு?"

"ரெண்டு. மைனஸ் வந்துச்சு, அடிச்சிட்டேன்."

"மைனஸ்தாம்ட்டி சரி. படத்துல போட்ட அம்புக்குறிக்கு எதிர்த்திசையில ஓடுதுன்னு அர்த்தம். லேப்ல மீட்டர் முள்ளு பின்னால போகும்லா, அதேதான்."

லேபில் முள் பின்னால் போனால் நான் பதறியதே இல்லை. வயரை மாற்றிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். தாளில் வந்தபோது மட்டும் அது வேறு என்னவோவாகத் தெரிந்தது.

"ரெண்டு தடவை வந்ததை ஏன் அடிச்ச?"

"நான் போட்டதாச்சே. எப்படிச் சரியா இருக்கும்?"

எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரிசல்ட்டை அவள்தான் தன் போனில் பார்த்தாள். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை.

"ஏட்டி, பாஸு!"

"நம்பரை நல்லாப் பாரு. வேற யாருதாவது இருக்கும்."

"ஒன் பேருதான் போட்டிருக்கு."

போனை வாங்கி என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிறகு, இதே பெயரில் நம் காலேஜில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அவளிடம் கேட்டேன்.