வராததற்கான காரணம்

எங்கள் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்தான் செல்போனில் சிக்னல் கிடைக்கும். தினமும் காலையில் வருகைப் பதிவேட்டோடு படியேறிப் போய், வராத பிள்ளைகளின் பெயரைச் செயலியில் ஏற்றிவிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவேன். பெற்றோர் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. கீழே இறங்கி வரும்போது முதல் பாடவேளையில் பாதி போயிருக்கும்.

எட்டு வருஷம் கிருஷ்ணகிரிப் பக்கம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, ஒவ்வொரு கலந்தாய்விலும் கேட்டுக் கேட்டு, திருத்தங்கலில் நான் படித்த பள்ளிக்கே மாறுதல் வாங்கி வந்தேன். அங்கே இருந்த நாளெல்லாம் ஊரை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருகிறவள் என் பெஞ்சுக்காரி. பத்தாவது வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் இரண்டாவது வரி எழுதும்போதே விடையைச் சொல்லிவிடுவாள். அவளிடம் கேட்டுப் படித்த கணக்குகள் சிலவற்றை இன்றைக்கும் அவள் சொல்லித் தந்த மாதிரியேதான் நடத்துகிறேன்.

வந்த இரண்டாம் மாதம், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் வாரத்துக்கு மூன்று நாள் வராமலிருந்தாள். நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொன்னார் தலைமையாசிரியர். விடிந்ததும், அவள் அம்மாவைப் பார்க்கக் கம்பெனி வேன் நிற்கும் முக்குக்குப் போனேன். தூக்குச்சட்டியோடு நின்ற பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். என் பெஞ்சுக்காரி. பள்ளிக்கு வராத அந்தப் பெண் இவளுடைய மகள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"வாங்க டீச்சர். என்ன, இம்புட்டுக் காலையில வந்திருக்கீக?" என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

மகளைப் பற்றிக் கேட்டேன். மாசி மாதம் வேறொரு கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் இவளுடைய தங்கை இறந்துபோனாள். அதிலிருந்து மகள் டவுன் பஸ் பிடித்து இவள் பின்னாலேயே வந்து, கம்பெனி கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறாளாம்.

"அடிச்சும் பாத்துட்டேன் டீச்சர். நா வெளிய வர்றதப் பாத்தாத்தான் அவளுக்குச் சோறு இறங்குது."

எல்லா ஆசிரியர்களும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். படித்தால் அவளாவது இந்த வேலைக்கு வராமல் இருப்பாள் என்றேன். அதற்குள் வேன் வந்துவிட்டது. ஒரு காலைப் படியில் வைத்தவள் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, நானும் உன்கூடத்தான படிச்சேன்?" என்றாள். குரல் உயரவேயில்லை. உடனே, "தப்பா எடுத்துக்கிடாதீக டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

பள்ளிக்கு வந்து மாடியேறினேன். வராததற்கான காரணம் என்ற இடத்தில் செயலி நாலைந்து வார்த்தைகள் தரும். காய்ச்சல், வெளியூர், வீட்டு விசேஷம், இப்படி. காய்ச்சல் என்று அழுத்தினேன். எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த பெயருக்குப் போனேன்.

மறுவாரமே என் பெஞ்சுக்காரி கம்பெனியை விட்டு நின்று, வீட்டிலிருந்தபடி பட்டாசுக்கான அட்டைப்பெட்டி ஒட்டத் தொடங்கினாள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க நினைத்தேன், போகவில்லை. மகள் ஒழுங்காக வந்தாள். தீபாவளி ஆர்டர் நெருக்கிய சமயத்தில் கம்பெனியில் கூப்பிட, அம்மா மறுபடி வேன் ஏறிவிட்டாள். இந்த முறை பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். வகுப்பில் அந்தப் பெண் மட்டும் எழுந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"என்ன புள்ள, சந்தேகமா?"

"வெடிச்சத்தம் டீச்சர்."

மற்ற பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். "எங்கனயாச்சும் டெஸ்டுக்கு வெடி போட்டிருப்பாக, உக்காருடி" என்றாள் பக்கத்துப் பெண். அது அப்படித்தான் இருந்தது. அன்று சாயங்காலம் எழுந்து நின்றவளின் அம்மா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாள்.

ஆனால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை. கிருஷ்ணகிரியில் லாரி டயர் வெடித்தால்கூட ஊர் ஞாபகத்தில் நெஞ்சு பதறும். உடனே வீட்டுக்குப் போன் போடுவேன். ஊருக்கே வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. நான் திரும்பி அடுத்த கணக்கை எழுதினேன்.