கேட்காமல் போன ‘தீடாக்’

1. எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றி ஓர் இணையப்பக்கம் தயாரித்தேன்.
2. அதற்காக, ‘ஒய்.பி.’ என்று நாங்கள் அழைக்கும் பழைய சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைச் சாஆ பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சந்தித்தேன்.
3. ஆசிரியராக இருந்தது, நிலக்குழுவில் இருந்தது எல்லாம் சொன்னார்.

மெலிந்த மனிதர், மெல்லிய குரல். தேர்தலில் தோற்ற பிறகும், யாராவது “ஒய்.பி.” என்று கூப்பிட்டால் பாதி எழுந்து நிற்பார்.

“எங்க தோட்டத்துத் திடல விக்கிற தீர்மானத்துக்கு நீங்களும் ஒத்துக்கிட்டீங்கன்னு பேசுறாங்களே, ஒய்.பி.?”

நான் பந்து விளையாடி வளர்ந்த திடல் அது.

“வேணாம், மலாய்ல ‘தீடாக்’னுதான்மா சொன்னேன். சட்டமன்றத்துல குரல் வாக்கெடுப்பு லா. அத்தனை பேரும் சரின்னு கத்துறப்ப என் சத்தம் யாருக்குக் கேக்கும்?”

“கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாமே?”

“அலமாக்! என் வீட்டுக்காரியும் அதைத்தான் கேக்குறா,” என்று சிரித்தார்.

திடலில் இப்போது கடைவீடுகள். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனாலும் என் இணையப்பக்கத்தில் அவருடைய வாக்குக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது.