செண்டு நாத்து

மழை விட்டதும், மார்கழிக்குப் பூக்குற செடி வாங்க போடி நர்சரிக்குப் போனேன். செண்டுமல்லி நாத்தைத் தொட்டேன். இலை வாசம் கையில ஒட்டிக்கிச்சு.

நான் சின்னப்பிள்ளையா இருக்கையில அம்மா குரங்கணிக்கு மேல ஏலத்தோட்டத்துல காய் பறிச்சா. நாங்க இருந்த லயத்து வீட்டு வாசல்ல செண்டு, கோழிக்கொண்டை, ஊதா டிசம்பர் பூ மூணும் வச்சிருந்தா. குளிர்ல வெடிச்ச கையாலதான் தண்ணி ஊத்துவா. மொட்டு விட்டிருந்த சமயம் சூப்பர்வைசர் ஜீப்பை நிறுத்தி இறங்குனான்.

"கூலிக்கு வந்தவளுக்குப் பூந்தோட்டம் ஒரு கேடா? இதான் உன் சோலியா?"

"விடியுறதுக்கு முன்னால ஊத்துறேன்யா."

எல்லாத்தையும் அம்மா கையாலயே பிடுங்க வச்சான். அம்மா அழல. அன்னைக்குச் சோறு ஊட்டுன கையிலயும் இந்த வாசம்தான்.

இப்ப அம்மா இல்ல. அந்த சூப்பர்வைசர் எங்க எதுத்த வீட்டுல, வாதம் வந்து ஜன்னலோரக் கட்டில்ல கிடக்கான். தலையைத் திருப்ப முடியாது.

அதே மூணு செடியையும் நட வந்த நர்சரிக்காரத் தம்பி, "சுவருக்கு வெளிய வச்சா உங்களுக்குத் தெரியாதேக்கா?" என்றான்.

"எனக்குத் தெரிய வேணாம்ப்பா. மூணு நிறமும் அந்த ஜன்னலுக்கு நேரா வரணும். கட்டில்ல படுத்திருக்கிற ஆளு கண்ணுக்குத் தெரியுற மாதிரி மண்ணை மேடாக்கி வை."