முதற்பாலும் சீனித் தண்ணீரும்

பிள்ளையை வெளியே எடுக்க ஒரு மிட்வைஃப் போதும். அதற்குப் பால் கொடுக்க மட்டும் வீடு முழுவதும் சம்மதிக்க வேண்டும். இந்த உத்தியோகத்தில் என்னோடு கால் தேய்ந்த சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எனக்கு முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதில் வேலை. விடிந்ததும் என் ஊரான பாண்டிருப்பிலிருந்து புறப்பட்டு வந்துவிடுவேன். அங்கே மிட்வைஃபை எல்லாரும் 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஊரில் ஆசியா உம்மா என்றொருவர் எனக்கு வாய்த்தார்.

அரை வயிறு

ஆசியா உம்மாவின் மகள் ஜெமீலா அப்போது இரண்டாவது பிள்ளைக்கு உண்டாகியிருந்தாள். முதல் பிள்ளை மெலிந்து பிறந்து, நாற்பது நாள் ஆகுமுன்னே போய்விட்டது. இந்தத் தடவையாவது நன்றாகச் சாப்பிடட்டும் என்று மீன், முட்டை, முருங்கையிலை எல்லாம் சொல்லி வைத்தேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தால், பாரை மீனின் நடுத்துண்டு மருமகனின் பீங்கானில் இருக்கிறது. ஜெமீலாவுக்கு ஒரு பிடி சோறும் சொதியும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏன் இப்படிப் பட்டினி போடுகிறீர்கள் என்று கேட்டேன். ஆசியா உம்மா சொன்னார்:

"வயித்துக்குள்ள புள்ள பெருத்தா வெளிய வர ஏலாம நிக்கும். நோகப்போறது நீங்களா மிஸி, என்ட மகள்தானே!"

கடும்பு

பிள்ளை சின்னதாகத்தான் பிறந்தது. பெண். அழுகைகூட மெல்லிசு. ஆசியா உம்மாவோ மஞ்சளாக வந்த முதற்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்லிவிட்டு, சீனித் தண்ணீரும் பஞ்சுமாக வந்து நின்றார். எவ்வளவு சொல்லியும் மசியவில்லை.

வளவில் அவர்களுடைய பசு முந்தின நாள்தான் கன்று போட்டிருந்தது. கன்று போட்ட பசுவின் மஞ்சளான முதற்பாலைத்தான் கடும்பு என்போம். "கடும்புப் பால் காய்ச்சினா எனக்கும் கொஞ்சம் தாங்களன்" என்று கேட்டேன்.

"கண்டு குடிச்சி மிஞ்சினாத்தான் மனிசருக்கு. அது குடிக்காட்டி கால ஊண்டி நிக்குமா?" என்று சீறினார்.

"அப்ப இது எப்பிடி நிக்கும்?" என்று பிள்ளையைக் காட்டினேன்.

"என்ட மகள மாடெண்டா சொல்றீங்க?" என்றார். முகம் சிவந்துவிட்டது. பிறகு பிள்ளையையே கொஞ்ச நேரம் பார்த்தார். கையிலிருந்த சீனித் தண்ணீரைத் தானே மடக்கென்று குடித்துவிட்டு, மகள் பக்கம் திரும்பினார்:

"குடுகா ஜெமீலா. இந்த மனிசி நம்மள விடாது."

தராசு

பால் கொடுத்தாயிற்று, பிள்ளை தேறுகிறதா என்று தெரிய வேண்டாமா? கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், நிறுத்துப் பார்ப்போம் என்றேன். "நிறுக்கிறதுக்கு இது என்ன சந்தை மீனா?" என்று மறுத்துவிட்டார். வீட்டுக்குப் போய்க் கண்ணால் பார்ப்பதோடு சரி. கன்னம் கொஞ்சம் வைத்தது போலத் தெரிந்தாலும் நம்பப் பயமாயிருந்தது.

நாற்பது நாள் கழிந்த பிறகு, யாரும் கூப்பிடாமலே அவர் கிளினிக் வரிசையில் வந்து நின்றார். பிள்ளையைத் துணியால் மூடியிருந்தார். "இப்ப நிறுங்க" என்றார். தராசின் முள்ளைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பத்து இறாத்தல்!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். ஆசியா உம்மா சிரிப்பை அடக்க முடியாமல் என் வாயைப் பொத்தினார்:

"மாஷா அல்லாஹ் சொல்லுங்க மிஸி! மெதுவாக் கதைங்க, பக்கத்து வீட்டாள் பின்னால நிண்டு கேக்கிறா."

பிள்ளை மெலிந்தால் மிஸி சரியில்லை, கொழுத்தால் பக்கத்து வீட்டுக் கண் சரியில்லை. எங்கள் உத்தியோகத்தில் கிடைக்கிற நற்சான்றிதழ் இவ்வளவுதான்.