குச்சியின் மறுபக்கத்தைக் காலியாக விட்ட சிஸ்டர்

கிள்ளானில் என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிஸ்டர் அருள்மேரியின் தங்கை மகள் அனுப்பியிருந்தார். ‘பெரியம்மா காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். நாளை பூசை. செராஸில் அடக்கம்.’ அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை உடனே வரவில்லை. என் மகளின் பெயர் தெரிந்த இன்னொருவர் இனி இந்த உலகத்தில் இல்லை என்பதுதான் முதலில் மனத்தில் பட்டது.

சிஸ்டரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கன்னியாஸ்திரி அல்லர், பிரசவ வார்டில் சிஸ்டர். கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஓய்வு பெறும்வரை பணியாற்றினார். உயரமானவர். குரல் அதைவிட உயரம். பெரிய டாக்டர்களே அவர் வருவதைப் பார்த்தால் கைத்தொலைபேசியைப் பையில் போட்டுக்கொள்வார்கள். கனிவானவர் என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். கனிவானவர்தான், ஆனால் திட்டித் தீர்த்த பிறகுதான் அது வெளியே வரும்.

என் முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தாள். துணியில் சுற்றி என் கணவரிடம் கொடுத்தார்கள். அவரும் அவருடைய அண்ணனும் எடுத்துப் போனார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்றார்கள். என் மாமியார் கொடுமைக்காரர் அல்லர். அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்: “பேரு வெக்காத புள்ளம்மா. அத நெனச்சு அழுதா அடுத்தது தங்காது. மறந்துடு.”

மறுநாள் பிற்பகல் சிஸ்டர் வந்து திரையை இழுத்து மூடினார். கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். “பேரு ஏதாச்சும் யோசிச்சு வெச்சிருந்தியாம்மா?” என்று கேட்டார். அவர் காதில் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர்கள் தொண்டையைப் பார்க்க நாக்கை அழுத்துவார்களே, அந்த மரக்குச்சி ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். நீளவாக்கில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டின்மேல், கீழிருந்து மேலாக, சிறு கத்தியின் நுனியால் கீறினார். குறுக்கே ஒரு சாய்கோடு, ஒரு புள்ளி, வலப்பக்கம் இரண்டு கோடுகள், மறுபடி ஒரு புள்ளி, கடைசியில் குறுக்கே ஐந்து சாய்கோடுகள். பேனா மையைத் தேய்த்து, ஊதிவிட்டு என் கையில் வைத்தார்.

“இது ஓகம் எழுத்து. அயர்லாந்துல ஆதி காலத்து மனுஷங்க எழுதினது. உன் மக பேருதான் இது. யாராச்சும் பார்த்தா வெறும் கீறல்னு நெனைப்பாங்க. உனக்குத் தெரிஞ்சா போதும் லா.”

குச்சியைத் திருப்பினேன். பின்பக்கத்திலும் நீளவாக்கில் கோடு போட்டிருந்தார், ஆனால் எழுத்து எதுவும் இல்லை. ஏன் என்று கேட்டேன். “அது உன் வீட்டுக்காரருக்கு. அவருக்கும் ஏதாச்சும் இருக்கும். வாயத் தொறந்து சொல்றப்போ எழுதிக்கலாம்” என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. என் கணவர் ராஜன் கோலக் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். அன்று காலை வந்து, மாத்திரை வாங்க வேண்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

குச்சியை அலமாரியில் ரவிக்கைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒருநாள் மாமியார் அதை எடுத்து, பூசைக்கு மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தார். பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவினேன். ஒரு குச்சிக்கு ஏன் இந்தப் பாடு என்று அவருக்குப் புரியவில்லை. கீறல்களுக்குள் போன மஞ்சள் இன்றுவரை போகவில்லை.

அடுத்த ஆண்டு அதே தேதியில், பிற்பகலில், வீட்டுத் தொலைபேசி அடித்தது. சிஸ்டர். என் மகளின் பெயரை ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு “சாப்பிட்டியா?” என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த ஆண்டும் அந்த அழைப்பு தவறியதில்லை. என்னைப் போல எத்தனை பேரை அழைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். “கணக்குப் பார்க்கிற வேலையாடி இது?”

எனக்கு மகன் பிறந்தபோதும் அவர்தான் பிரசவம் பார்த்தார். இவனுக்கும் ஒரு குச்சி எழுதுங்கள் சிஸ்டர் என்றேன். “இவன் பேர ஊரே கூப்பிடப் போவுது. குச்சி எதுக்கு?” என்றார்.

இந்த எழுத்து அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதைப் பின்னாளில், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் வைத்துச் சொன்னார். இளம் வயதில் அயர்லாந்தில் தாதியர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். ஒரு விடுமுறை நாளில் உடன் படித்த பெண்ணின் கிராமத்துக்குப் போனபோது, வயலோரம் ஒரு மேட்டைக் காட்டியிருக்கிறாள் அந்தப் பெண். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைக் கோயில் கல்லறையில் சேர்க்காத காலத்தில் அங்கேதான் புதைப்பார்களாம். தலைமாட்டில் சின்னச் சின்னக் கற்கள், ஒன்றிலும் பெயர் இல்லை. நடுவில் மட்டும் ஒரு பழைய நெடுங்கல், அதன் விளிம்பெல்லாம் வெட்டுக்கோடுகள். அது எழுத்து என்றும், அந்தக் காலத்து யாரோ ஒருவரின் பெயர் என்றும் அவள் சொல்லியிருக்கிறாள்.

“ஒவ்வொரு கல்லா குனிஞ்சு பார்த்தேன் சாந்தி. அத்தன புள்ளைங்களுக்கு ஒரு பேரு இல்ல. செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆன ஒரு ஆளோட பேரு மட்டும் கல்லு மாதிரி நிக்குது. அன்னிக்கே அந்த எழுத்தக் கத்துக்கிட்டேன்.” சொல்லும்போது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், தேநீரில் சீனி பத்தவில்லை என்று என்னைத் திட்டினார்.

நம் ஊர்க்காரர்கள் எதையும் சும்மா விடுவார்களா? வார்டில் வேலை செய்த ஒருவர் குச்சியிலிருந்த கோடுகளை எண்ணி நாலு நம்பர் லாட்டரி வாங்கிவிட்டார். விழுந்தும்விட்டது. அடுத்த வாரமே தாயத்து கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். “மந்திரம் இல்ல லா, பேரு! வெறும் பேரு!” என்று சிஸ்டர் கத்தியது கீழ்த்தளம்வரை கேட்டதாம். கேட்ட தாய்மார்களுக்கு மட்டும் எழுத்தைக் கற்றுக் கொடுத்தார், எனக்கும்தான். தமிழின் பாதி ஓசை அதில் இல்லை. ‘ழ’ வேண்டும் என்றால், “இருக்கிறத வெச்சு எழுதிக்கோ, புள்ளைக்குத் தெரியும்” என்பார்.

கடைசி அழைப்பைப் பற்றி எழுதத்தான் கை வரவில்லை. சென்ற ஆண்டு அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை. கணவர் வீட்டில் இருந்தார், என் எதிரிலேயே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தொலைபேசியை எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “சாந்தி... பேரு வர மாட்டேங்குதும்மா” என்றார். அந்தப் பெரிய குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. நான் எடுத்துக் கொடுத்திருப்பேன். எதிரில் இவர் இருந்தார். “பரவால்ல சிஸ்டர், நீங்க சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டேன். அழுதுகொண்டே வைத்துவிட்டார்.

செராஸ் கல்லறையில் நல்ல மழை. அடக்கம் முடிந்து காரில் ஏறியதும் கணவர் கேட்டார்: “பெத்த தாய் போன மாதிரி அழுவுறியே. உனக்கு யாரு அவங்க?” கைப்பையிலிருந்து குச்சியை எடுத்து நீட்டினேன். என்ன இது என்றார். “நம்ம பொண்ணு பேரு” என்றேன். பெயரையும் சொன்னேன்.

அவர் காரைக் கிளப்பவில்லை. குச்சியை வாங்கி, கீறல்களை விரலால் தடவினார். பிறகு சொன்னார்:

“அன்னிக்குக் குழி வெட்டினவரு கேட்டாரு, புள்ள பேரு என்னா பாஸ்னு. பேரு சொல்லாம மண்ணு தள்ள மாட்டேன்னுட்டாரு. எனக்கு ஒண்ணும் தெரியல. மூஞ்சியப் பார்த்தேன். லதான்னு சொன்னேன்.”

“ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“நீ மறந்துட்டு இருக்கேன்னு நெனச்சேன். ஞாபகப்படுத்த வேணாம்னு.”

இத்தனை ஆண்டுகளும் ஒரே வீட்டில், ஒரே குழந்தையின் பெயரை ஆளுக்கொன்றாக மறைத்து வைத்திருந்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து, சமையலறைக் கத்தியை எடுத்து, குச்சியின் பின்பக்கத்தில் நானே கீறினேன். வலப்பக்கம் இரண்டு கோடுகள், ஒரு புள்ளி, இடப்பக்கம் மூன்று கோடுகள், ஒரு புள்ளி. கோணல்மாணலாகத்தான் வந்தது. நீங்கள் பார்த்திருந்தால் திட்டியிருப்பீர்கள், சிஸ்டர். கணவர் விளக்கை அருகில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தேதி வரும்போது உங்கள் அழைப்பு வராது. அன்று லோரி எடுக்கப் போவதில்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். மலர் என்று நான் சொல்வேன். லதா என்று இவர் சொல்வார். பிறகு, சாப்பிட்டாயா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். போய் வாருங்கள், சிஸ்டர்.